நூறு பாடல்கள், நான்கு வட்டுகள்: மெர்ல் ஹேகர்ட் பெட்டித் தொகுப்பைக் கேட்கும் முறை

கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டு வரை 99ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 110 மைல். பாசனப் பம்புகளைப் பழுது பார்ப்பது என் வேலை. வாரத்தில் இரண்டு நாள் அந்தச் சாலையில் போய்த் திரும்புவேன். இருபுறமும் பாதாம் தோப்பு, திராட்சைத் தோட்டம், நடுவே டுலேரி, டெலானோ என்று சிற்றூர்கள். அந்த வண்டியில்தான் ‘டவுன் எவ்ரி ரோடு 1962–1994’ என்ற பெட்டித் தொகுப்பை முதன்முறையாகக் கேட்டேன். கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் பாடகர் மெர்ல் ஹேகர்ட் முப்பத்திரண்டு ஆண்டுகளில் பாடியவற்றிலிருந்து நூறு பாடல்களைத் தேர்ந்து, நான்கு குறுவட்டுகளில் கேப்பிட்டல் நிறுவனம் 1996இல் வெளியிட்டது அது.

முதல் வட்டின் முதல் பாட்டில் தொடங்கி, நான்காம் வட்டின் கடைசிப் பாட்டு வரை, இரண்டு பயணங்களில் கேட்டு முடித்தேன். முடித்தபோது மனத்தில் நின்றவை ஐந்தாறு பாடல்கள்தாம். மற்றவையெல்லாம் ஒன்றோடு ஒன்று குழைந்து, ஒரே கிட்டார், ஒரே சோகம், ஒரே சிறைச்சாலை என்று ஆகிவிட்டன. இவ்வளவு பெரிய பாடகரிடம் நான் எதையோ கேட்கத் தவறுகிறேன் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். அவருடைய பாட்டி 1930களில் ஓக்லஹோமாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். “நூறையும் ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் எதுவும் நிற்காது. எந்த நாளில் பாடினார் என்று பார். அந்த ஒரு நாளை மட்டும் கேள்” என்றார். அன்று முதல் நான் கேட்கும் முறையே மாறிவிட்டது. கீழே வருவது அந்த முறை. ஹேகர்டை வைத்துச் சொல்கிறேன். பழைய பாணிக் கன்ட்ரி பாடகர் யாருடைய பெட்டிக்கும் இது பொருந்தும்.

வாங்கும் முன்

முதலில், பெட்டியில் இருப்பவை மூலப் பதிவுகள்தாமா என்று பாருங்கள். கன்ட்ரி பாடகர்கள் நிறுவனம் மாறும்போது, தங்கள் பழைய வெற்றிப் பாடல்களைப் புது நிறுவனத்துக்காக மறுபடி பாடிக் கொடுப்பது வழக்கம். மலிவான தொகுப்புகள் பலவற்றில் இருப்பவை அந்த மறுபதிவுகள். பாட்டின் பெயர் அதே, பாடியவர் அதே, ஆனால் இருபது வருடம் கழித்து, வேறு வாத்தியக்காரர்களோடு, அவசரமாகப் பாடியது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் “மறுபதிவு” என்று ஒரு வரி இருக்கும். அதைக் கண்டால் வைத்துவிடுங்கள். வாழ்நாள் முழுவதையும் சொல்லும் பெட்டியில் குரலின் வயதுதான் விஷயம். அது பொய்யானால் பெட்டியே பொய்.

அடுத்து, எத்தனை நிறுவனங்களின் பதிவுகள் உள்ளே இருக்கின்றன என்று பாருங்கள். ஹேகர்ட் பேக்கர்ஸ்ஃபீல்டின் டேலி என்ற சிறிய நிறுவனத்தில் தொடங்கினார். பிறகு கேப்பிட்டல், 1970களின் பிற்பகுதியில் எம்.சி.ஏ., 1981 முதல் எபிக், 1990இல் கர்ப். ஒரு நிறுவனம் தன் கிடங்கில் இருப்பதை மட்டும் அள்ளிப் போட்டால், அது வாழ்நாள் தொகுப்பு ஆகாது. மற்ற நிறுவனங்களிடம் உரிமை பெற்று, அவர்களுடைய பதிவுகளையும் சேர்த்ததுதான் இந்தப் பெட்டியின் சிறப்பு.

பழையதை வாங்குவதானால் வட்டுகளோடு வரும் விவரச் சிறுநூல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தே பணம் கொடுங்கள். எனக்கு முதலில் கிடைத்த பிரதியில் நான்கு வட்டுகளும் பளபளவென்று இருந்தன, சிறுநூல் இல்லை. கடைக்காரர் ஐந்து டாலர் குறைத்துக் கொடுத்தார், நானும் மகிழ்ச்சியோடு வாங்கிவந்தேன். பிறகு சிறுநூலுக்காகவே இன்னொரு பிரதி வாங்க வேண்டியதாயிற்று. பாடல்கள் வேறு வழிகளில் கிடைத்துவிடும். யார் வாசித்தார்கள், எப்போது, எங்கே என்ற விவரத்தைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுத்த தொகுப்பு வேறு, முழுத் தொகுப்பு வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் கன்ட்ரி பாடகர் லெஃப்டி ஃப்ரிஸலின் பதிவுகளைப் பன்னிரண்டு வட்டுகளில் வெளியிட்டது. அது முழுதும் வேண்டும் என்பவருக்கானது. முதன்முதலாகக் கேட்பவர் நூறு பாடல் தொகுப்பில் தொடங்குவதே நல்லது.

முதல் மாலை: வட்டைத் தொடாதீர்கள்

சிறுநூலையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தாளின் இடது ஓரத்தில் ஆண்டுகளை எழுதுங்கள். ஒவ்வொரு பாடலையும் அது பதிவான நாளுக்கு நேரே போடுங்கள். வெளியான நாள் வேறு, பதிவான நாள் வேறு. சில பாடல்கள் பல மாதங்கள் கிடப்பில் கிடந்து வெளிவந்திருக்கும். சிறுநூலில் பதிவுத் தேதி இல்லாத இடங்களில் வெளியான ஆண்டை எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இந்த வேலைக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது இரண்டு பயணங்களில் கேட்டுக் கற்றதைவிட அதிகம்.

ஏனென்றால், தாள் நிரம்பியதும் சில ஆண்டுகள் நெருக்கமாகவும் சில ஆண்டுகள் வெறுமையாகவும் நிற்கும். ஹேகர்டின் தாளில் 1960களின் பிற்பாதி நெரிசலாக இருக்கும். 1969ஐ மட்டும் பாருங்கள். புலம்பெயர்ந்த கூலிக் குடும்பத்தின் ஏழ்மையைப் பாடும் ‘ஹங்க்ரி ஐஸ்’, உழைப்பாளியின் பாட்டான ‘வொர்க்கின் மேன் புளூஸ்’, நாடு முழுவதும் சண்டைக்குக் காரணமான ‘ஓக்கி ஃப்ரம் மஸ்கோகீ’ மூன்றும் அந்த ஓராண்டில் வெளிவந்தவை. போதாததற்கு, முன்னோடிப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் பாடல்களை மட்டும் பாடிய இரட்டை இசைத்தட்டும் அதே ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஒரு பதிவு நாள் என்றால் என்ன

இது தெரியாமல் இந்தப் பாடல்களின் இறுக்கம் புரியாது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி ஒரு பதிவு அமர்வு மூன்று மணி நேரம். கன்ட்ரி இசைப் பதிவின் தலைநகரான நாஷ்வில்லில் காலை பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஒரு நாளில் நான்கு அமர்வுகள் வைப்பார்கள். ஓர் அமர்வில் மூன்று அல்லது நான்கு பாடல்கள் முடிந்தாக வேண்டும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் நின்று, ஒன்றாகவே பாடி வாசித்தார்கள். எழுதிய இசைக்குறிப்பு பெரும்பாலும் கிடையாது. பாட்டை ஒருமுறை கேட்பார்கள், முகப்பிசையை யார் எடுப்பது, இடையிசை யாருக்கு என்று பேசிக்கொள்வார்கள், பதிவு விளக்கு எரிந்ததும் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே ஒரே நாளில் பதிவான இரண்டு மூன்று பாடல்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். அறை ஒன்று, ஆட்கள் ஒன்று, பாடகரின் தொண்டை அன்று இருந்த நிலை ஒன்று. ஒரு பாட்டில் மெல்ல ஒதுங்கி வாசித்த அதே கிட்டார் அடுத்த பாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே வரும். ஒரே கை இரண்டு மனநிலைகளுக்கு மாறுவதைக் கேட்கும்போதுதான், பின்னணி என்று நாம் அசட்டையாகத் தள்ளிவைத்தவர்கள் எவ்வளவு யோசித்து வாசித்தார்கள் என்பது தெரியும்.

ஹேகர்ட் தம் கேப்பிட்டல் பாடல்களில் பெரும்பாலானவற்றை நாஷ்வில்லில் பதியவில்லை. ஹாலிவுட்டில், கென் நெல்சன் தயாரிப்பில் பதிந்தார். அந்தக் காலத்தில் நாஷ்வில் வயலின் கூட்டத்தையும் பின்னணிப் பாடகர்களையும் சேர்த்து ஓசையை மென்மையாக்கிக்கொண்டிருந்தது. பேக்கர்ஸ்ஃபீல்டுக்காரர்கள் மதுக்கூட நடன மேடைகளில் வாசித்துப் பழகியவர்கள். ஆட்டக்காரர்களின் காலடிச் சத்தத்தைத் தாண்டி ஒலிக்க வேண்டிய கிட்டார் அவர்களுடையது. அந்தக் கூர்மையை அவர்கள் ஸ்டூடியோவுக்குள்ளும் கொண்டுவந்தார்கள்.

பதிவு நாளின் வேகத்துக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு 1981இன் ‘பிக் சிட்டி’ பாட்டு. எபிக் நிறுவனத்துக்கு மாறிய புதிதில் இரண்டே நாட்களில் ஹேகர்ட் இரண்டு இசைத்தட்டுகளுக்கான பாடல்களைப் பதிந்தார். அவருடைய பஸ்ஸின் ஓட்டுநர், சிறு வயது முதல் நண்பர், வெளியே பஸ்ஸில் காத்திருந்தார். எப்படி இருக்கிறாய் என்று ஹேகர்ட் கேட்க, இந்த அழுக்கு நகரம் சலித்துவிட்டது என்றார் அவர். அந்தப் பேச்சே பாட்டாகி, உடனே உள்ளே போய்ப் பதிவும் ஆனது. ஓட்டுநரின் பெயரும் பாடலாசிரியர் பெயர்களில் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ஒரு குழு, பாட்டைக் கற்றுக்கொண்டே வாசிக்கிறது. அதில் ஒத்திகையின் பூச்சு சிறிதும் இல்லை.

குரலின் வயதை அறிய நான்கு பாடல்கள்

இரண்டாம் மாலைக்கு நான்கு பாடல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸிங் எ சேட் ஸாங்’, ‘மாமா ட்ரைட்’, ‘இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்’, ‘கெர்ன் ரிவர்’. முதலாவது டேலி காலத்தது. இரண்டாவது 1968, மூன்றாவது 1973, நான்காவது 1985. ஒலி அளவை முதல் பாட்டில் வைத்தபின் மாற்றாதீர்கள்.

முதல் பாட்டை எழுதியவர் வின் ஸ்டூவர்ட். அவருடைய குழுவில் ஹேகர்ட் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டைத் தனக்குத் தரும்படி கேட்டு வாங்கிப் பாடினார். தரவரிசையில் 19ஆம் இடம் வரை போயிற்று. குரல் உயரத்தில் ஏறி நிற்கப் பார்க்கிறது, தன்னால் முடியும் என்று காட்ட விரும்புகிறது. ‘மாமா ட்ரைட்’டில் அந்த விருப்பமே இல்லை. (நம் காதுக்கு மாமா என்று விழுந்தாலும் அங்கே அந்தச் சொல்லுக்கு அம்மா என்றுதான் பொருள். அம்மா எவ்வளவோ முயன்றாள், குற்றம் என்னுடையது என்று மகன் ஒப்புக்கொள்ளும் பாட்டு.) சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வரியிலும் குரல் கீழே இறங்கிவிடுகிறது. மூன்றாவது, கிறிஸ்துமஸ் மாதத்தில் ஆலை வேலையை இழந்த தகப்பனின் பாட்டு. மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாதவன். இங்கே ஹேகர்ட் பாடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். பாட்டின் தலைப்பே கிட்டார் கலைஞர் ராய் நிக்கல்ஸ் தம் குடும்பச் சிக்கலைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்தது என்பார்கள்.

‘கெர்ன் ரிவர்’ வரும்போது குரலுக்கு நாற்பத்தெட்டு வயது. மேல் ஸ்தாயி அவருக்குத் தேவைப்படவில்லை. ஆற்றில் காதலியைப் பறிகொடுத்தவன், இனி அந்த ஆற்றில் நீந்தமாட்டேன் என்கிறான். ஹேகர்ட் வளர்ந்த ஆயில்டேலுக்கும் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் நடுவே ஓடுவது அந்த ஆறு. வேனிலில் மணல் தெரிய மெலிந்து கிடக்கும். மலைப் பக்கம் போனால் அதே ஆறு ஆளை இழுத்துப் போகும். கீழ் ஸ்தாயியில் அவர் நிறுத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பால் ஒரு மூச்சளவு மௌனம் இருக்கிறது. டேலி காலத்துக் குரலுக்கு அந்த மௌனத்தை விட்டுவைக்கும் துணிவு இருந்திருக்காது.

இந்த நான்கையும் மூன்று மாலை தொடர்ந்து கேட்டேன். தொகுப்பிலுள்ள மற்ற பாடல்களை எந்த இடத்தில் பொருத்துவது என்பது பிறகு தானாகவே தெரிந்தது.

ஒரு வாத்தியத்தைப் பின்தொடர்தல்

அடுத்த வாரம் பாட்டை விட்டுவிடுங்கள். ஸ்டீல் கிட்டாரை மட்டும் கேளுங்கள். சித்ரவீணை கேட்டுப் பழகிய காதுக்கு இது மிக எளிது. அங்கே தந்தியின் மேல் உருளைக் கட்டை வழுக்குகிறது, இங்கே எஃகுக் கட்டை. பெடல் ஸ்டீலில் மிதிகளையும் முழங்கால் நெம்புகோல்களையும் அழுத்தி ஒரு தந்தியின் சுருதியை மட்டும் தனியாக ஏற்றி இறக்கலாம். மற்ற தந்திகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் விம்மும். கன்ட்ரி பாட்டில் நமக்குத் தொண்டை அடைக்கும் இடங்களில் பாதி இந்த விம்மல்தான்.

தொடக்கப் பதிவுகளில் ஸ்டீல் வாசித்தவர் ரால்ஃப் மூனி. பிறகு ஹேகர்டின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ குழுவுக்கு நார்ம் ஹாம்லெட் வந்து பல பத்தாண்டுகள் நிலைத்தார். மூனி துள்ளுவார், வரிக்கு வரி பதில் சொல்வார். ஹாம்லெட் காத்திருப்பார், வரி முடிந்து அந்தச் சொல் காற்றில் கரையத் தொடங்கும்போது நுழைவார். என் மனம் ஹாம்லெட்டின் பக்கம் சாய்கிறது.

மின் கிட்டாரில் ராய் நிக்கல்ஸ். பதின்பருவத்திலேயே மேடாக்ஸ் சகோதரர்களோடு வாசித்தவர், பிறகு லெஃப்டி ஃப்ரிஸலோடு. அவர் ஒரு சுரத்தை வளைத்த நிலையில் தொட்டு, அதை விடுவித்து இறக்குவார். கமகத்தில் மேலிருந்து இறங்கும் ஜாருவைப் போன்றது அது. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எந்தப் பாட்டிலும் அவரை அடையாளம் காணலாம். ஸ்டூடியோவில் ஜேம்ஸ் பர்ட்டனும் பல பாடல்களில் வாசித்திருக்கிறார், ஆகவே எல்லாக் கிட்டாரையும் நிக்கல்ஸ் தலையில் கட்டிவிடாமல் சிறுநூலில் சரிபாருங்கள்.

அதன் பிறகு பானி ஓவன்ஸ். இவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. 1965 முதல் 1978 வரை ஹேகர்டின் மனைவி. மணமுறிவுக்குப் பிறகும் அவருடைய குழுவில் பாடியவர். ஹேகர்டின் வாயிலிருந்து வரி பிறக்கும்போது தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டவர். 1960களின் பாடல்களில் ஹேகர்டின் குரலுக்கு மேலே நூல் பிடித்தாற்போல் வரும் இணைக்குரலைக் கேளுங்கள். தலையணி ஒலிப்பானை மாட்டி, ஒரு பாட்டு முழுக்க அந்தக் குரலை மட்டும் பின்பற்றுங்கள். மூச்சு எடுக்கும் இடம்கூட ஒன்றாக இருக்கும். அந்தக் குரலை நீக்கினால் பல பாடல்களில் ஹேகர்ட் தனியாகிவிடுவார்.

அவருடைய குருமார்களைப் பக்கத்தில் வைத்து

பெட்டியை விட்டு வெளியே போக வேண்டிய இடம் இது ஒன்றுதான். லெஃப்டி ஃப்ரிஸல், ஜிம்மி ராட்ஜர்ஸ், நடன இசைக்குழு நடத்திய பாப் வில்ஸ் மூவரிடமும் மும்மூன்று பாடல்கள் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு லெஃப்டி வந்தபோது, மேடைக்குப் பின்னால் பாடிக்காட்டிய பையனை, தமக்கு முன்பாக மேடையேறிப் பாடும்படி அவர் சொன்னார். அந்தப் பையன்தான் ஹேகர்ட். லெஃப்டி ஓர் அசையை எடுத்து மூன்று நான்கு சுரங்களில் மடித்து வைப்பார். ஹேகர்ட் அந்த மடிப்பைக் கற்றுக்கொண்டு, வயது ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வந்தார். லெஃப்டி இணைந்து எழுதிய ‘தட்ஸ் த வே லவ் கோஸ்’ பாட்டை ஹேகர்ட் பாடி, அது 1984இல் முதலிடம் பிடித்தது. அதில் மடிப்பு மிச்சமிருக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன், ஒரு கை விரல்கள் போதுமானவையாக இருந்தன.

பாப் வில்ஸுக்காக 1970இல் ஒரு முழு இசைத்தட்டே பதிந்தார். அதற்காகச் சில மாதங்களில் பிடில் கற்றுக்கொண்டார், வில்ஸின் பழைய குழுவினரையும் அழைத்து வாசிக்க வைத்தார். அதற்குப் பின்வந்த பதிவுகளில் தாளம் ஆடிக்கொண்டே நடக்கும். அதற்கு முன்பு நிமிர்ந்து நடந்தது. தாளில் 1970க்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டால் இது தெளிவாகும்.

பாட்டையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொள்ளாமல்

ஹேகர்ட் சான் குவென்டின் சிறையில் 1958 முதல் 1960 வரை இருந்தவர். அங்கே ஜானி கேஷ் வந்து பாடியபோது கைதிகளில் ஒருவராக உட்கார்ந்து கேட்டார். 1972இல் கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். இந்த விவரங்கள் தெரிந்தவுடன் எல்லாப் பாட்டையும் தன்வரலாறாகக் கேட்கத் தோன்றும். அதைத் தவிருங்கள். ‘மாமா ட்ரைட்’ பாட்டின் நாயகன் பரோல் இல்லாத ஆயுள் தண்டனையில் சிறைக்குள்ளேயே இருபத்தொரு வயதைத் தொட்டவன். ஹேகர்ட் மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே உள்ளே இருந்தார். ‘ஹங்க்ரி ஐஸ்’ பாட்டில் வருவது கூலி முகாமின் துணிக்கூரைக் குடில். ஹேகர்ட் வளர்ந்தது வேறு வீட்டில். தெரிந்தவர்கள், உறவினர்கள், உடனிருந்த கைதிகள் பட்டதை அவர் ‘நான்’ என்று வைத்துப் பாடினார். நம் மரபில் புலவன் தலைவியாகவும் தோழியாகவும் பேசியது போலத்தான். அந்த இடைவெளியைக் கவனித்தால் அவர் எழுத்தாளராக எவ்வளவு உயரம் என்பது தெரியும். ‘ஸிங் மீ பேக் ஹோம்’ பாட்டில் மரண தண்டனைக்கு நடந்துபோகும் கைதி, கிட்டார் வைத்திருக்கும் நண்பனைக் கடைசியாக ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறான். அந்த நண்பனின் இடத்தில் நின்று பாடுகிறார் ஹேகர்ட். இரக்கம் முழுதும் அந்த நடைக்கே போகிறது, தன் பக்கம் ஒரு துளியையும் திருப்பிக்கொள்வதில்லை.

‘ஓக்கி’ பற்றி ஒரு சொல். தூசிப் புயலிலும் பஞ்சத்திலும் ஓக்லஹோமாவை விட்டு வந்தவர்களைக் கலிபோர்னியாவில் இழிவாக அழைத்த பெயர் அது. ஹேகர்டின் பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தாம். மஸ்கோகீ பாட்டு வியட்நாம் போர்க் காலத்து அரசியலுக்காகப் பேசப்பட்டது, பேசப்படட்டும். அந்த இழிசொல்லைப் பெருமையோடு எடுத்துத் தலைப்பில் வைத்தது 99ஆம் நெடுஞ்சாலை ஓரத்து முதியவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை என் சக ஊழியரின் முகத்தில் கண்டேன். ஸ்டூடியோப் பதிவைக் கேட்டபின், 1969 அக்டோபரில் மஸ்கோகீ ஊரிலேயே நடந்த கச்சேரிப் பதிவையும் தேடிக் கேளுங்கள். கூட்டத்தின் ஆரவாரத்தில் பாட்டின் பொருளே திசை மாறுவது தெரியும்.

கடைசி வட்டைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1980களின் எதிரொலி கலந்த முரசும் மின் பியானோவும் பழைய காதுகளுக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. அதற்காக அந்த வட்டிலிருந்தே தொடங்கிப் பின்னோக்கிக் கேட்டுப் பாருங்கள். வாத்தியப் பூச்சு பழகிய பிறகு, குரல் அங்கேதான் மிகக் கனிந்திருக்கிறது என்பது புலப்படும். பில்போர்டு இதழின் கன்ட்ரி தரவரிசையில் முப்பத்தெட்டுப் பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அதில் இருக்கிறது.

வட்டுகளைப் பாதுகாக்க

1980, 90களின் சில பெட்டிகளில் வட்டுகளுக்கிடையே மெத்தென்ற நுரைத் துண்டு வைத்திருப்பார்கள். காலப்போக்கில் அது பிசுபிசுத்து வட்டில் ஒட்டி, மேற்பரப்பைக் கெடுத்துவிடும். பெட்டி கைக்கு வந்த அன்றே எடுத்து எறியுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அச்சிட்ட பக்கம்தான் அதிகம் நொய்யானது. ஒலியைத் தாங்கும் உலோகப் படலம் அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பேனாவால் எழுத வேண்டாம். விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை போல் வெளிச்சம் தெரிகிறதா என்று சோதியுங்கள். தெரிந்தால் உடனே கணினியில் பிரதி எடுத்துவைத்துவிடுங்கள். சிறுநூலை வட்டுகளோடு காரில் வைக்காதீர்கள். இங்கத்தைய கோடை வெயிலில் ஒட்டுப் பசை இளகித் தாள்கள் கழன்றுவிடும்.

நூறு பாடல்களுக்கும் தாளில் இடம் கிடைத்து முடிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஒருநாள், வேலை சீக்கிரம் முடிந்தபோது, பேக்கர்ஸ்ஃபீல்டில் செஸ்டர் அவென்யூவில் இருக்கும் கெர்ன் கவுன்ட்டி அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹேகர்டின் தந்தை சாண்டா ஃபே ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆயில்டேலில் பழைய குளிர்சாதன ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றினார். அந்த வீட்டில் வளர்ந்த மகனுக்கு ஒன்பது வயதானபோது தந்தை இறந்துபோனார். 2015இல் அந்த வீட்டை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வாய்ப்புள்ளவர்கள் பெட்டித் தொகுப்பைக் கேட்டு முடித்த பிறகு போங்கள், முன்னதாகப் போக வேண்டாம். அகலம் மிகக் குறைவு. இரு கைகளையும் நீட்டினால் சுவர்கள் அருகில் வந்துவிடும். அங்கிருந்து திரும்பும் வழியில், டுலேரியைத் தாண்டும்போது, 1971இன் ‘டுலேரி டஸ்ட்’ பாட்டைப் போட்டேன். சிறிய பாட்டு. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடியும் ஒருமுறை கேட்டேன்.